வால்மார்ட்: கணக்கியல் கொள்கைகளும் நிதி அறிக்கை நடைமுறைகளும்

அமெரிக்காவின் ஆர்கன்சா மாநிலத்தில், பென்டன்வில் என்ற சிறு நகரைத் தலைமையிடமாகக் கொண்ட வால்மார்ட் உலகின் மிகப் பெரிய சில்லறை வணிக நிறுவனம். 2018 பிப்ரவரி 1 வரை அதன் சட்டப்பெயர் வால்-மார்ட் ஸ்டோர்ஸ். அமெரிக்காவில் பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கியல் நெறிகளின்படி அது தன் கணக்குகளைத் தயாரிக்கிறது. நிதியாண்டு பிப்ரவரி 1-இல் தொடங்கி ஜனவரி 31-இல் முடியும். ஆண்டறிக்கையை மார்ச் மாதத்திலும், முதல் மூன்று காலாண்டுகளுக்கான அறிக்கைகளை உரிய தவணைகளிலும் அமெரிக்கப் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்தில் தாக்கல் செய்கிறது. சரக்கிருப்பை மதிப்பிடும் முறை, வருவாயை ஏற்கும் நேரம், குத்தகைக் கடமைகளைக் காட்டும் விதம், வெளிநாட்டுக் கிளைகளை ஒருங்கிணைக்கும் முறை ஆகியவை அதன் கணக்கியல் கொள்கைகளில் முதன்மையானவை. இவற்றில் பல, கணினி வருவதற்கு முன்பே நிறுவனர் சாம் வால்டன் கையால் எழுதிய பேரேடுகளில் வேர்கொண்டவை.

தொடக்ககாலக் கணக்குமுறை

சாம் வால்டன் 1940-இல் மிசௌரி பல்கலைக்கழகத்தில் பொருளியல் பட்டம் பெற்று, அயோவா மாநிலத்தின் டெ மொயின் நகரில் ஜே.சி. பென்னி கடையில் பயிற்சியாளராகச் சேர்ந்தார். விற்பதில் கெட்டிக்காரராக இருந்தாலும் அவர் கையெழுத்து மோசம். ரசீதுகளையும் கல்லாப்பெட்டிக் கணக்கையும் ஒழுங்காக வைக்கமாட்டார். அதற்காக மேலதிகாரியிடம் பலமுறை வசவு வாங்கியதைத் தன் நூலில் அவரே சொல்கிறார்.

1945-இல் ஆர்கன்சாவின் நியூபோர்ட் நகரில் ஒரு பென் ஃபிராங்க்ளின் பலசரக்குக் கடையை 25,000 டாலருக்கு வாங்கினார். அதில் 5,000 டாலர் சொந்தப் பணம்; 20,000 டாலர் மாமனார் கொடுத்த கடன். கடைக்குப் பெயரும் சரக்கும் தந்த பட்லர் பிரதர்ஸ் நிறுவனம் ஒரு முழுக் கணக்குமுறையையும் சேர்த்தே தந்தது. எந்தப் படிவத்தை எப்போது எப்படி நிரப்புவது என்று சொல்லும் கையேடுகள், சரக்கு அறிக்கை, கொடுக்கவேண்டிய பாக்கிப் பட்டியல், இலாப நட்டத் தாள் எல்லாம் அதில் இருந்தன. ‘நேற்றை வெல்’ என்று பொருள்படும் பெயரோடு ஒரு சிறு பேரேடும் இருந்தது. இந்த ஆண்டின் ஒவ்வொரு நாள் விற்பனையையும் சென்ற ஆண்டின் அதே நாள் விற்பனைக்குப் பக்கத்தில் எழுதிப் பார்க்கும் ஏடு அது. முன்பிருந்த உரிமையாளர் காலத்தில் ஆண்டுக்கு 72,000 டாலராக இருந்த விற்பனை, வால்டனின் முதல் ஆண்டில் 1,05,000 டாலரானது, அடுத்த ஆண்டில் 1,40,000, அதற்கடுத்து 1,75,000. வளர்ச்சியை முந்தைய ஆண்டோடு வைத்து அளக்கும் அந்தப் பழக்கம் நிறுவனத்தை விட்டு ஒருபோதும் போகவில்லை. இன்று முதலீட்டாளர்கள் முதலில் தேடிப் பார்க்கும் ‘ஒத்த கடை விற்பனை’ என்ற எண் அந்தச் சிறு பேரேட்டின் நேர்வாரிசு. குறைந்தது ஓராண்டாவது நடந்துவரும் கடைகளை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றின் விற்பனையைச் சென்ற ஆண்டோடு ஒப்பிடுவதே அந்த அளவீடு. புதுக்கடை திறப்பதால் கூடும் விற்பனை, பழைய கடைகளின் தளர்ச்சியை மறைத்துவிடாமல் காப்பது அதன் பயன். இணையவழி விற்பனையையும் இப்போது அதில் சேர்க்கிறார்கள்.

நியூபோர்ட் கடையின் வாடகை விற்பனையில் 5 விழுக்காடு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் உரிமை குத்தகைப் பத்திரத்தில் இல்லை என்பதை வால்டன் கவனிக்கவில்லை. ஐந்தாண்டு முடிந்ததும் கட்டட உரிமையாளர் நீட்டிக்க மறுத்தார். நன்றாக நடந்துகொண்டிருந்த கடையை விட்டு வால்டன் குடும்பம் 1950-இல் பென்டன்வில்லுக்குக் குடிபெயர்ந்தது. அங்கே கடையை விரிவாக்கப் பக்கத்திலிருந்த முடிதிருத்தும் நிலையத்தின் இடத்தை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தார். கட்டடத்துக்குச் சொந்தக்காரர் யார், குத்தகை எத்தனை ஆண்டு, புதுப்பிக்கும் உரிமை யார் கையில் என்ற கேள்விகள் அன்றிலிருந்து இந்த நிறுவனத்தின் கணக்கில் தனி இடம் பெற்றன.

முதல் வால்மார்ட் கடை 1962 ஜூலை 2-இல் ரோஜர்ஸ் நகரில் திறக்கப்பட்டது. அப்போதும் பட்லர் பிரதர்ஸ் கற்றுத்தந்த முறையே கணக்கில் தொடர்ந்தது. பென்டன்வில் அலுவலகச் சுவரில் புறாக்கூண்டு போன்ற அறைகள் கொண்ட மர அடுக்கு ஒன்று இருந்தது. ஒவ்வொரு கடையின் ரசீதுகளும் தாள்களும் அதற்குரிய அறைக்குள் போகும். ஒவ்வொரு கடைக்கும் நீல அட்டையிட்ட ஒரு பேரேடு உண்டு. புதுக்கடை திறந்தால் அடுக்கில் ஓர் அறை கூடும். கடைகள் இருபதை எட்டும் வரை ஏறத்தாழ இப்படியே நடந்தது. மாதத்துக்கு ஒருமுறை வால்டனும் அவருடைய கணக்கரும் உட்கார்ந்து சரக்கு, விற்பனை, ரொக்கம் எல்லாவற்றையும் ஏற்றிப் பேரேட்டை முடிப்பார்கள். இரு பக்கமும் ஒத்துவராவிட்டால், வித்தியாசத் தொகையை ‘எங்கோ ஒரு பிழை’ என்ற தலைப்பில் எழுதிக் கணக்கை மூடுவது வால்டனின் வழக்கம். கணக்கியல் படித்தவர்கள் இதை அனாமத்துக் கணக்கு என்பார்கள். பிழையை வேறொரு செலவுக்குள் புதைக்காமல், பிழை என்றே பெயரிட்டு வைத்ததுதான் இதில் குறிப்பிடத்தக்கது.

1966-இல் நியூயார்க் மாநிலத்தின் பொக்கிப்சியில், சில்லறை வணிகர்களுக்காக ஐ.பி.எம். நடத்திய கணினிப் பயிலரங்குக்கு வால்டன் போனார். கடைகள் நூறு மைல், இருநூறு மைல் தொலைவில் பரவிக்கிடக்கையில் தாள்களைக் கொண்டு அவற்றை ஆள முடியாது என்பது அதற்குள் அவருக்குத் தெரிந்துவிட்டிருந்தது.

1969 அக்டோபர் 31-இல் நிறுவனம் முறைப்படி பதிவானது. அதுவரை ஒவ்வொரு கடையும் தனித்தனிக் கூட்டு. ஒரு கடையில் தம்பி பட் வால்டனுக்குப் பங்கிருக்கும், இன்னொன்றில் உறவினர்களுக்கு, வேறொன்றில் கடை மேலாளருக்கு. பொதுமக்களிடம் பங்கு விற்க வேண்டுமானால் இவை அனைத்தும் ஒரே கணக்குக்குள் வந்தாக வேண்டும். கூட்டாளிகள் தங்கள் பங்கைக் கொடுத்துப் புதிய நிறுவனத்தின் பங்குகளைப் பெற்றுக்கொண்டார்கள். 1970 அக்டோபர் 1-இல் 3 லட்சம் பங்குகள், பங்கு ஒன்று 16.50 டாலர் விலையில் வெளியிடப்பட்டன. திரண்ட பணம் கடனை அடைக்கப் போயிற்று. ஒருங்கிணைந்த நிதிநிலை அறிக்கை என்பது வால்மார்ட்டுக்கு இப்படி வந்தது. பங்குகள் 1972-இல் நியூயார்க் பங்குச் சந்தைக்கு ஏறின. 1976-இல் நிதிப் பொறுப்பை ஏற்ற டேவிட் கிளாஸ் 1988-இல் தலைமைச் செயல் அதிகாரியானார்.

நிதியாண்டு ஜனவரியில் முடிவது ஏன்

மார்ச் 31-இல் கணக்கு முடிக்கும் இந்திய வாசகருக்கு ஜனவரி 31 விந்தையாகத் தோன்றலாம். அமெரிக்கச் சில்லறை வணிகத்தில் நவம்பர் கடைசியிலிருந்து கிறிஸ்துமஸ் வரைதான் பெருவிற்பனைக் காலம். டிசம்பர் 31-இல் கணக்கை மூடினால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வருவோரும் மிஞ்சிய சரக்கைத் தள்ளுபடியில் தள்ளும் வேலையும் அடுத்த ஆண்டுக் கணக்குக்குள் போய்விடும். ஜனவரி முடிவில் அந்த வேலைகள் தீர்ந்திருக்கும். அலமாரியில் சரக்கு குறைவாக இருப்பதால் எண்ணுவதும் எளிது. அமெரிக்கச் சில்லறை நிறுவனங்கள் பல, மாதங்களை நான்கு, ஐந்து, நான்கு வாரங்களாகப் பிரிக்கும் நாட்காட்டியைப் பின்பற்றி, ஜனவரி இறுதியை ஒட்டிய சனிக்கிழமையில் ஆண்டை முடிக்கின்றன. அதனால் சில ஆண்டுகளில் 53 வாரங்கள் வந்துவிடும். வால்மார்ட் தேதியையே பிடித்துக்கொண்டதால் அதன் ஆண்டறிக்கையில் இந்தச் சிக்கல் இல்லை. லீப் ஆண்டு நாள் ஒன்றுதான் கூடும். முடியும் ஆண்டின் பெயரால்தான் நிதியாண்டைக் குறிப்பார்கள். 2025 நிதியாண்டு என்றால் 2025 ஜனவரி 31-இல் முடிந்தது என்று பொருள்.

சரக்கிருப்பு மதிப்பீடு: சில்லறை முறை

வால்மார்ட்டின் சூப்பர்சென்டர் என்ற பெருங்கடை ஒன்றில் லட்சத்துக்கும் மேற்பட்ட வகைச் சரக்குகள் இருக்கும். ஒவ்வொரு சோப்புக்கும் சட்டைக்கும் வாங்கிய விலையைத் தனித்தனியே தேடி எடுத்துக் கூட்டுவது கணினிக்கு முந்தைய காலத்தில் நடவாத காரியம். கடைக்காரருக்கு எப்போதும் தெரிந்திருப்பது விற்பனை விலை. அது பொருளின் மீதே ஒட்டியிருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு அடக்க விலையைக் கண்டுபிடிப்பதே சில்லறை முறை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கப் பல்பொருள் அங்காடிகளில் வளர்ந்த இம்முறையை ஹார்வர்டு பேராசிரியர் மால்கம் மெக்நேர் 1925-இல் தனி நூலாகவே விளக்கி எழுதினார். வால்மார்ட்டின் அமெரிக்கக் கடைகள் முதன்மையாக இம்முறையையே கையாளுகின்றன.

ஒரு துறையை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக எடுத்துக்கொண்டவை. ஆண்டுத் தொடக்கத்தில் இருந்த சரக்கின் அடக்கம் 60,000 டாலர். அதன் விற்பனை விலை 1,00,000. ஆண்டில் வாங்கியதன் அடக்கம் 1,40,000. விற்பனை விலை 2,00,000. ஆக, விற்கக் கையில் இருந்தது அடக்க விலையில் 2,00,000, விற்பனை விலையில் 3,00,000. அடக்க விகிதம் மூன்றில் இரண்டு பங்கு. ஆண்டில் 2,10,000 டாலருக்கு விற்பனை நடந்தது; 15,000 டாலருக்கு விலைக்குறைப்புச் செய்தார்கள்; களவும் உடைவும் 3,000. மிச்சம் விற்பனை விலையில் 72,000. அதில் மூன்றில் இரண்டு பங்கான 48,000 டாலர்தான் இறுதிச் சரக்கிருப்பு. விற்ற பொருளின் அடக்கம் 1,52,000. மொத்த இலாபம் 58,000.

விலைக்குறைப்பு இக்கணக்கில் நுழையும் இடத்தைக் கவனிக்க வேண்டும். அடக்க விகிதத்தைக் கணக்கிடும்போது அது சேர்க்கப்படவில்லை. மிச்சத்தைக் காணும்போது மட்டும் கழிக்கப்படுகிறது. அதனால் விலையைக் குறைத்த அன்றே சரக்கின் மதிப்பும் ஏட்டில் இறங்கிவிடும். ‘அடக்கம், சந்தை மதிப்பு இவற்றில் எது குறைவோ அது’ என்ற பழைய நெறி இப்படித்தான் நிறைவேறுகிறது. இதே இடத்தில்தான் தவறும் நேரலாம். மேலே சொன்ன 15,000 டாலர் விலைக்குறைப்பை ஏட்டில் பதியாமல் விட்டால் மிச்சம் 87,000 ஆகும். இருப்பு 58,000 ஆகும். இல்லாத இலாபம் 10,000 டாலர் கணக்கில் தோன்றும். கடை மேலாளர் ஒருவர் விலைக்குறைப்பை ஒரு மாதம் தள்ளிப்போட்டால் போதும், அந்தக் காலாண்டின் இலாபம் உயர்ந்துவிடும். ஆண்டறிக்கைகள் விலைக்குறைப்பையும் சரக்கு இழப்பையும் மதிப்பீட்டுக்கு உட்பட்டவை என்று தனியே எச்சரிப்பது இதனால்தான்.

இன்னொரு குறையும் உண்டு. இலாப விகிதம் வெவ்வேறான பொருள்களை ஒரே துறையில் கலந்தால் சராசரி பொய் சொல்லும். அதற்காகவே துறைகளைச் சிறிது சிறிதாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி விகிதம் போடுகிறார்கள். அடிக்கடி பெருந்தள்ளுபடி விற்பனை நடத்தும் கடைகளைவிட, ஆண்டு முழுவதும் ஒரே தாழ்ந்த விலை என்ற கொள்கையுடைய வால்மார்ட்டுக்கு இம்முறை நன்றாகவே பொருந்துகிறது. விலை அடிக்கடி ஏறி இறங்காத கடையில் விகிதமும் நிலையாக நிற்கும்.

சரக்கு இழப்பு என்பது ஏட்டில் இருக்கவேண்டியதற்கும் அலமாரியில் எண்ணிக் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசம். கடைகளில் சரக்கு எண்ணுவது ஆண்டு முழுவதும் முறைவைத்து நடக்கிறது. ஜனவரி 31 அன்று எல்லாக் கடைகளிலும் ஒரே நேரத்தில் எண்ண முடியாது. எனவே கடைசியாக எண்ணிய நாளிலிருந்து ஆண்டு முடிவு வரை இழப்பு எவ்வளவு இருக்கும் என்பதைப் பழைய அனுபவத்தைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள். இழப்பைக் குறைத்த கடையின் ஊழியர்களுக்கு அந்த மிச்சத்தில் ஒரு பங்கை ஊக்கத்தொகையாகத் தரும் திட்டத்தை வால்டன் காலத்திலேயே கொண்டுவந்தார்கள். கணக்கேட்டின் ஒரு வரியைக் கடை ஊழியரின் கைக்காசோடு இணைத்த அந்த ஏற்பாடு, அந்த நிறுவனம் செய்த நல்ல காரியங்களுள் ஒன்று.

உறுப்பினர்களுக்கு விற்கும் வால்மார்ட்டின் சாம்ஸ் கிளப் மொத்த விலைக் கிடங்குகள் 1983-இல் ஓக்லஹோமாவில் தொடங்கின. அங்கே சரக்கு வகைகள் குறைவு. எனவே சில்லறை முறை தேவைப்படவில்லை. சராசரி அடக்க விலையைக் கொண்டு மதிப்பிடுகிறார்கள்.

‘கடைசியில் வந்தது முதலில் போகும்’ முறை

லைஃபோ என்று சுருக்கமாக வழங்கும் இம்முறையில், கடைசியாக வாங்கிய சரக்கே முதலில் விற்றதாகக் கொள்ளப்படும். விலைவாசி ஏறும் காலத்தில் விற்ற பொருளின் அடக்கம் கூடும், இலாபம் குறையும், வருமான வரியும் குறையும். அமெரிக்க வரிச் சட்டம் 1938-லும் 1939-லும் இதற்கு இடம் கொடுத்தது. பல்லாயிரம் வகைச் சரக்கு வைத்திருக்கும் கடைகள் இதை எப்படிப் பின்பற்றுவது என்ற கேள்வி 1947 வரை நீடித்தது. பால்டிமோரின் ஹட்ஸ்லர் சகோதரர்கள் அங்காடி தொடர்ந்த வழக்கில், விலைக் குறியீட்டெண்களைப் பயன்படுத்திச் சில்லறை முறையோடு லைஃபோவை இணைக்கலாம் என்று வரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமெரிக்காவின் பெரிய கடை நிறுவனங்கள் பலவற்றுக்கு வழி திறந்த தீர்ப்பு அது. வால்மார்ட்டின் அமெரிக்கக் கடைகளும் சாம்ஸ் கிளப்பும் லைஃபோவைப் பின்பற்றுகின்றன. வரிக்கு லைஃபோ வேண்டுமென்றால் பங்குதாரருக்கான அறிக்கையிலும் அதையே காட்ட வேண்டும் என்பது அமெரிக்கச் சட்டத்தின் நிபந்தனை.

பன்னாட்டுக் கணக்கியல் தரங்கள் லைஃபோவை ஏற்பதில்லை. இந்தியக் கணக்கியல் தரம் 2-உம் அப்படியே. ஆனால் சில்லறை முறைக்கு அது இடம் தருகிறது. வால்மார்ட்டின் பன்னாட்டுப் பிரிவு நெடுங்காலம் சில்லறை முறையை ‘முதலில் வந்தது முதலில் போகும்’ கணக்கோடு சேர்த்தே கையாண்டது.

லைஃபோவால் வால்மார்ட் பெரும் வரியை மிச்சப்படுத்துகிறது என்ற எண்ணம் பலரிடம் உண்டு. அதன் கணக்குகள் அப்படிச் சொல்லவில்லை. 2002 ஜனவரி 31-இல் சரக்கிருப்பின் மாற்று விலை ஏறத்தாழ 2,275 கோடி டாலர். அதிலிருந்து லைஃபோவுக்காகக் கழித்த ஒதுக்கம் வெறும் 13.5 கோடி. முந்தைய ஆண்டில் அது 20.2 கோடியாக இருந்தது. அதாவது ஒதுக்கம் குறைந்துகொண்டே வந்தது. மின்னணுப் பொருள்கள், துணிமணி போன்றவற்றின் விலை ஆண்டுதோறும் இறங்கியதே காரணம். பிந்தைய ஆண்டுகளில், இரு முறைகளின்படியும் மதிப்பு ஏறத்தாழ ஒன்றே என்று ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது அறிக்கை.

வருவாயை ஏற்கும் நேரம்

கல்லாவில் பணம் வாங்கிப் பொருளைக் கொடுக்கும் கடையில் வருவாய் எப்போது வந்தது என்பதில் ஐயமில்லை. ஐயம் எழுவது ஓரங்களில்தான். சாம்ஸ் கிளப் உறுப்பினர் ஓராண்டுக்கான கட்டணத்தை முன்கூட்டியே செலுத்துகிறார். பணம் வந்த அன்றே முழுத் தொகையையும் வருவாயாக எழுதுவது பழைய வழக்கம். 1999 டிசம்பரில் பங்குப் பரிவர்த்தனை ஆணையம் வருவாய் ஏற்பு பற்றிய தன் நிலையை வெளியிட்டதை ஒட்டி, வால்மார்ட் இதைப் பன்னிரண்டு மாதத்துக்குப் பகிர்ந்து ஏற்கும் முறைக்கு மாறியது. அந்த மாற்றத்தின் திரண்ட விளைவாக 2000 நிதியாண்டில் வரி போக 19.8 கோடி டாலர் இலாபத்திலிருந்து கழிக்கப்பட்டது. 557.5 கோடியாக இருந்த இலாபம் 537.7 கோடியானது. வியாபாரத்தில் ஒரு சல்லி மாறாமல், எழுதும் நாள் மாறியதால் மட்டும் வந்த வேறுபாடு இது.

பரிசு அட்டைகளும் இதே வகை. அட்டையை விற்ற நாளில் வருவாய் இல்லை. கொடுக்கவேண்டிய கடமைதான் உண்டு. அட்டையைக் கொண்டுவந்து பொருள் வாங்கும்போதே அது விற்பனையாகிறது. தவணையில் பணம் கட்டி முடித்த பின் பொருளை எடுத்துப்போகும், 2021-இல் நிறுத்தப்பட்ட லேயவே திட்டத்திலும், வாடிக்கையாளர் முழுத்தொகையைக் கட்டிப் பொருளைக் கையில் வாங்கும் வரை விற்பனை ஏற்கப்படவில்லை.

சரக்கு தருவோரிடமிருந்து வரும் ஊக்கத்தொகைகள் இன்னும் நுட்பமானவை. விளம்பரத்துக்கு, அளவுத் தள்ளுபடிக்கு, அலமாரி இடத்துக்கு என்று பல பெயர்களில் உற்பத்தியாளர்கள் கடைகளுக்குப் பணம் தருகிறார்கள். இதை உடனே வருவாயாக எழுதக்கூடாது, பொதுவாகச் சரக்கின் அடக்கத்திலிருந்து கழித்து, பொருள் விற்றபின் இலாபத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று 2002-03-இல் அமெரிக்க நெறி இறுகியது. பிரிட்டனின் டெஸ்கோ 2014-இல் சறுக்கியது இந்த இடத்தில்தான். சரக்கு தருவோரிடமிருந்து இன்னும் வராத தொகைகளை முன்னதாகவே கணக்கில் ஏற்றி, எதிர்பார்த்த இலாபத்தை 25 கோடி பவுண்டு மிகைப்படுத்திவிட்டதாக அந்நிறுவனம் அறிவித்தது. பின்னர் ஆய்வில் அது 26.3 கோடியானது. ஊக்கத்தொகைகளை நாடாமல், எல்லாவற்றையும் கழித்த ஒரே அடிவிலையைக் கேட்பது வால்மார்ட்டின் பேரம் பேசும் முறை. சரக்கு தருவோருக்கு அது கடுமையானது. கணக்கைப் பொறுத்தவரை, மதிப்பீட்டுக்கு விடும் இடம் அதில் குறைவு.

குத்தகைகளும் கட்டடங்களும்

கட்டடங்களுக்கு 40 ஆண்டு வரை ஆயுள் வைத்து, ஆண்டுதோறும் சமமான தேய்மானம் கழிக்கிறார்கள். குத்தகைக் கடைகளின் வாடகைக் கடமை நெடுங்காலம் அடிக்குறிப்பில் மட்டும் இருந்தது. சொந்தமாக வாங்கியதற்கு ஒப்பான நீண்ட குத்தகைகள் மட்டுமே இருப்புநிலைக் குறிப்பில் ஏறின. 2019 பிப்ரவரி 1-இல் புதிய அமெரிக்கத் தரம் நடைமுறைக்கு வந்ததும் சாதாரண வாடகைக் குத்தகைகளும் சொத்தாகவும் கடனாகவும் உள்ளே வந்தன. 2020 ஜனவரி இறுதியில் இவ்வகைச் சொத்து மட்டும் 1,700 கோடி டாலருக்கு மேல். அதற்கு முன்பு முதலீட்டு ஈட்டத்தைக் கணக்கிடும்போது ஆண்டு வாடகையை எட்டால் பெருக்கி முதலீட்டோடு சேர்ப்பது வால்மார்ட்டின் வழக்கம். அடிக்குறிப்பில் கிடந்த கடனை நிறுவனமே ஒப்புக்கொண்ட மாதிரி அது. நியூபோர்ட் கடைக்குக் கொடுத்ததுபோல் விற்பனையின் விழுக்காடாக வரும் வாடகை இன்றைய தரத்திலும் கடனாக ஏறுவதில்லை. அந்தந்தக் காலத்துச் செலவாகவே போகிறது.

1990-களில் தன் கடைக் கட்டடங்களைத் துணை நிறுவனம் ஒன்றின் பேரில் மாற்றி, அதற்கு வாடகை செலுத்தும் ஏற்பாட்டையும் நிறுவனம் செய்தது. ஒருங்கிணைந்த கணக்கில் இந்த வாடகை தனக்குத்தானே கழிந்து மறைந்துவிடும். மாநில வருமான வரிக் கணக்கில் மட்டும் செலவாக நிற்கும். வடகரோலினா மாநிலம் இதை ஏற்காமல் எல்லாத் துணை நிறுவனங்களையும் சேர்த்து வரி விதித்தது. 2009-இல் அம்மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதையே உறுதிசெய்தது. பொருளாதார உள்ளடக்கம் இல்லாத இத்தகைய வாடகைக்கு அத்தீர்ப்பே சரியான விடை.

வெளிநாட்டுக் கணக்குகளும் முதலீடுகளும்

அமெரிக்கா, கனடா நீங்கலான நாடுகளின் கணக்குகள் ஒரு மாதம் பின்தங்கி, நாட்காட்டி ஆண்டின்படி ஒருங்கிணைக்கப்படுகின்றன. பல நாணயங்களில் வரும் எண்களைச் சரிபார்க்க வேண்டிய காலம் இதனால் கிடைக்கிறது. 2018-இல் சுமார் 1,600 கோடி டாலருக்குப் பெங்களூரின் ஃபிளிப்கார்ட் நிறுவனத்தின் 77 விழுக்காடு பங்கை வாங்கியபோது, விலையின் பெரும்பகுதி நற்பெயர் என்ற தலைப்பில் கணக்கில் ஏறியது. நற்பெயருக்குத் தேய்மானம் இல்லை. ஆண்டுதோறும் மதிப்பு குன்றியதா என்ற சோதனை மட்டுமே.

அதே 2018 பிப்ரவரியிலிருந்து, பிற நிறுவனங்களில் வைத்திருக்கும் பங்குகளின் சந்தை விலை ஏற்ற இறக்கமும் இலாப நட்டக் கணக்குக்குள் வந்தது. சீனாவின் ஜே.டி.டாட்காம் பங்குகள் சரிந்ததால் சுமார் 350 கோடி டாலரும், பிரேசில் வணிகத்தின் 80 விழுக்காட்டை விற்றதில் சுமார் 480 கோடி டாலரும் 2019 நிதியாண்டில் நட்டமாகப் பதிவாயின. கடைகளில் வியாபாரம் நன்றாக நடந்த ஆண்டு அது. அறிக்கைகளில் ‘சரிசெய்த இலாபம்’ என்ற தனி வரி முக்கியத்துவம் பெற்றது இத்தகைய நிகழ்வுகளால்தான்.

அகக் கட்டுப்பாடும் தணிக்கையும்

எர்ன்ஸ்ட் அண்ட் யங் நிறுவனமும் அதன் முன்னோடியும் 1969 முதல் வால்மார்ட்டின் தணிக்கையாளர்கள். அரை நூற்றாண்டுக்கு மேல் ஒரே தணிக்கையாளர் நீடிப்பது சரியா என்பது ஐரோப்பாவில் சட்டமாகத் தீர்க்கப்பட்ட கேள்வி. அமெரிக்காவில் கால அளவைத் தணிக்கை அறிக்கையில் சொன்னால் போதும் என்றிருக்கிறது.

2003-இல் மெக்லேன் என்ற மொத்த விநியோக நிறுவனத்தை வால்மார்ட்டிடமிருந்து பெர்க்‌ஷயர் ஹாத்வே 150 கோடி டாலருக்கு வாங்கியது. வழக்கமான கணக்கு ஆய்வு எதையும் செய்யாமல், சுமார் இரண்டு மணி நேரச் சந்திப்பிலேயே பேச்சு முடிந்ததாகவும், வால்மார்ட் சொன்னபடியே எல்லாம் இருந்ததாகவும் வாரன் பஃபெட் தன் பங்குதாரர்களுக்கு எழுதினார்.

இதற்கு நேர்மாறானது மெக்சிகோ விவகாரம். கடை அனுமதிகளை விரைந்து பெற அங்கே கையூட்டு தரப்பட்டதை நியூயார்க் டைம்ஸ் 2012 ஏப்ரலில் விரிவாக வெளிப்படுத்தியது. விசாரணை மெக்சிகோவோடு நிற்காமல் பிரேசில், சீனா, இந்தியா வரை விரிந்தது. 2019 ஜூனில் நீதித் துறைக்கும் பங்குப் பரிவர்த்தனை ஆணையத்துக்குமாக 28.2 கோடி டாலர் செலுத்த நிறுவனம் உடன்பட்டது. பிரேசில் துணை நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. விசாரணைக்கும் கட்டுப்பாடுகளைச் சீர்செய்யவும் ஆன செலவு 90 கோடி டாலருக்கு மேல். மொத்த விற்பனையோடு வைத்துப் பார்த்தால் அந்தக் கையூட்டுகள் துளியளவுதான். ஆனால் ஏடுகளை நியாயமான விவரத்தோடு வைத்திருக்க வேண்டும் என்று சொல்லும் அமெரிக்கச் சட்டம் தொகை சிறிதா பெரிதா என்று பார்ப்பதில்லை. இடைத்தரகருக்குக் கொடுத்த பணம் என்ன வேலைக்காக என்று ஏடு சொல்லாவிட்டால் அது பொய்யேடுதான்.

வழக்குகளால் வரக்கூடிய நட்டம், நேரும் வாய்ப்பு மிகுதியாக இருந்து தொகையையும் மதிப்பிட முடிந்தால் மட்டுமே செலவாகிறது; இல்லையேல் அடிக்குறிப்பில் விவரிக்கப்படுகிறது. வலிநிவாரணி ஓபியாய்டு மருந்துகள் தொடர்பான வழக்குகள் பல ஆண்டுகள் அடிக்குறிப்பிலேயே இருந்தன. 2022 நவம்பரில் 310 கோடி டாலர் சமரசத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது, ஒரே காலாண்டில் இலாபக் கணக்கில் இறங்கின.

அண்மை நிலை

மாதந்தோறும் விற்பனை எண்களை வெளியிடும் வழக்கத்தை வால்மார்ட் 2009 மே மாதத்தில் நிறுத்திவிட்டது. இப்போது காலாண்டு அறிக்கைகளே. அமெரிக்கக் கடைகள், பன்னாட்டுப் பிரிவு, சாம்ஸ் கிளப் என மூன்று பிரிவுகளாகக் கணக்கு காட்டுகிறது. உறுப்பினர் கட்டணம், விளம்பரம், இணையச் சந்தைத் தரகு ஆகியவற்றின் பங்கு கூடி வருகிறது. 2025 ஜனவரி 31-இல் முடிந்த நிதியாண்டில் மொத்த வருவாய் சுமார் 68,100 கோடி டாலர். பங்குதாரர்களுக்குரிய நிகர இலாபம் சுமார் 1,940 கோடி டாலர்.